மூச்சு உண்டு

மேலூர் கபடிப் போட்டியின் இரண்டாம் பாதி. கொட்டாம்பட்டி அணியின் ரெய்டர் எதிரணிக் களத்தில் நின்று தொடையைத் தட்டிக்கொண்டிருந்தான். அப்போது நேரலை வர்ணனையில் சோலைராஜாவின் குரல் கணீரென்று சொன்னது: "இவன் தட்டிக்கிட்டேதான் இருப்பான், ஒன்னும் கிழிக்க மாட்டான். எனக்கே கொட்டாவி வருது."

பார்த்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவன் சோலைராஜாவேதான். அவன் அதை நினைத்தானே ஒழியச் சொல்லவில்லை. இன்னொருத்தி அவன் மனைவி பாண்டீஸ்வரி. அவனைப் பேசவைக்கும் மென்பொருள் அவள் கை வழியாகத்தான் வெளியே போகிறது. தன் கைச்சரக்கு ஊர் பார்க்க உளறினால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்?

சோலைராஜாவுக்குக் குரல்வளை கிடையாது. புற்றுநோய் வந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் மதுரை வட்டாரத்தில் 'மைக் சோலை' என்றால் தெரியாத கபடி ரசிகன் இல்லை. இப்போது அவனுக்கு மூச்சு, கழுத்தில் போட்ட துளை வழியாகப் போய்வருகிறது. பேச்சு, கழுத்தில் கட்டிய ஒரு பட்டை வழியாக வருகிறது. வாயை அசைத்தால் போதும். தொண்டைத் தசையின் துடிப்பைப் படித்து, பட்டை அதைக் குரலாக்கிவிடும்.

அந்தப் பட்டையைச் செய்யும் கம்பெனி வடபழஞ்சியில் இருக்கிறது. கணவனின் ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், பாண்டீஸ்வரி இருந்த வேலையை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தாள். ஏன் மாறினாய் என்று கேட்டவர்களிடம், "இங்க கேன்டீன் நல்லாருக்கும்" என்றாள். கேன்டீன் சகிக்காது.

பட்டையில் ஒலிப்பது சோலைராஜாவின் சொந்தக் குரல்தான். பழைய போட்டி வீடியோக்களைத் தேடிப் பிடித்து, அந்தக் குரலைப் பட்டைக்குப் பழக்கியவள் அவள். ஆஸ்பத்திரி வார்டில் முதன்முதலாக அவன் பட்டையைக் கட்டிக்கொண்டு "பாண்டி!" என்று கூப்பிட்டபோது நர்ஸுகள் கைதட்டினார்கள். பாண்டீஸ்வரி தேம்பித் தேம்பி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அலுவலகத்தில் அவளுக்கு பில்ட் வேலை. புரோகிராம் எழுதுகிறவர்கள் மாவு அரைத்துக் கொடுப்பார்கள்; அதைப் பட்டைக்குள் இருக்கும் நகக்கண் அளவு சில்லில் வேகவைத்து இறக்குவது அவள் பொறுப்பு. சரியாக வந்தால் யாருக்கும் அவள் பெயர் ஞாபகம் வராது. வராவிட்டால் எல்லோருக்கும் வரும். அதனாலோ என்னவோ, நாற்காலியில் உட்கார்ந்தால் அவளுடைய வலது கால் ஆடிக்கொண்டேயிருக்கும்.

ஆறு மாதம் முன்பு நிறுவனர் நெல்சன் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு யோசனை வந்துவிட்டால் அடுத்தவருக்கு இருப்புக்கொள்ள விடமாட்டார்.

"பாண்டீஸ்வரி, நம்ம பட்டை நாலு வாக்கியம் பேசுறதுக்குள்ள சூடாகுது. அதே சாஃப்ட்வேர் மேசைக் கம்ப்யூட்டர்ல ஓடினா எப்படி இருக்கும்? நம்ம பேஷன்ட்ஸ் போன்ல வேலை பாக்கலாம். ஆன்லைன்ல பாடம் எடுக்கலாம். உங்க வீட்டுக்காரர் உக்காந்த எடத்துலயே கபடி சொல்லலாம்."

"அது பட்டைக்குன்னே எழுதினது சார். உள்ள இருக்கிற ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு கம்பியத் தொட்டுக்கிட்டு நிக்குது. கம்ப்யூட்டர்ல அந்தக் கம்பியெல்லாம் இருக்காது."

"இல்லாத கம்பிக்கு டம்மி போடுங்க. ஆனா ரெண்டு புரோகிராம் வேணாம். ஒரே புரோகிராம் ரெண்டு பக்கமும் பில்ட் ஆகணும்."

"ஒரே மாவுல இட்லியும் தோசையும்ங்கிறீங்க."

"அதேதான்."

டம்மி என்பது அந்தத் தொழிலில் தினசரிப் புழக்கம். பாட்டரி இல்லாத இடத்தில், "சார்ஜ் இருக்கிறது" என்று பொய் சொல்ல ஒரு வரி. சூட்டை அளக்கும் கம்பி இல்லாத இடத்தில், "சூடு ஒன்றுமில்லை" என்று பொய் சொல்ல ஒரு வரி. அப்படித்தான், மூச்சை இழுப்பதை உணரும் மூச்சுக் கம்பிக்கும் எழுதினாள். மேசைக் கணினிக்கு வந்தது, கழுத்தில் ஒட்டிக்கொள்ளும் சின்ன வில்லையும் ஒரு வயரும்தான். செலவைக் குறைக்க நெல்சன் மூச்சுக் கம்பியை விட்டுவிட்டார். மூச்சு வருகிறதா என்று புரோகிராம் கேட்டால் என்ன பதில் சொல்வது? 'மூச்சு இல்லை' என்று எழுதினால் கணினி வாயே திறக்கவில்லை. சோதனைகள் எல்லாம் சிவப்பாகின. 'மூச்சு உண்டு' என்று மாற்றினாள். எல்லாம் பச்சை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த வேலைக்குப் போனாள். அடுத்த வேலைக்கு அப்புறமும் ஒரு அடுத்த வேலை இருந்தது.

வெள்ளோட்டத்துக்காகச் சிலர் வீட்டுக்கு இந்தக் கணினிப் பதிப்பு போயிற்று. சோலைராஜா வீட்டுக்கும் வந்தது. மேலூர் போட்டிதான் அவன் அதில் சொன்ன முதல் ஆட்டம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவள் கேட்டாள். "என்ன மாமா, லைவ்ல அப்படிச் சொல்லிப்புட்டீங்க?"

சோலைராஜா பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். "நான் சொல்லல பாண்டி. மனசுல நெனச்சேன். அதுவா பேசிருச்சு."

"அதெப்படி அதுவாப் பேசும்? வாய முணுமுணுத்திருப்பீங்க."

"ஆமா. நான் சொன்னா எவன் நம்புறான்."

அவன் கோபித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டான். நேரலையின் அந்தத் துண்டு அதற்குள் ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த போட்டிக்கு இருமடங்கு கூட்டம் பார்த்தது. நெல்சன் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். பாண்டீஸ்வரி மட்டும் டம்ளரை அப்படியே வைத்துவிட்டாள். எங்கேயோ ஏதோ சரியில்லை என்று அவளுடைய காலுக்குத் தெரிந்திருந்தது, அது ஆடிக்கொண்டேயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கியதும், கணவனைக் கணினி முன் உட்காரவைத்தாள். வில்லையை அவளே அவன் கழுத்தில் ஒட்டினாள். சோதனை வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். எல்லாம் சரியாக வந்தன. மேசைக் கணினியில் குரல் இன்னும் கம்பீரமாக, ஒலிபெருக்கி கட்டிய மைதானம்போல நிறைந்து ஒலித்தது. அவளுக்குப் பெருமை வந்தது. அந்தப் பெருமையில்தான் கேட்டாள்.

"குரல் எப்படி மாமா இருக்கு? பட்டைய விட நல்லாருக்குல்ல?"

"நல்லாருக்கு பாண்டி" என்றது ஸ்பீக்கர். நிறுத்தாமல் மேலே போனது: "எவனோ பேசுற மாதிரி இருக்கு. தண்ணி குடுன்னு கேட்டாக்கூட மைக்குல கத்துற மாதிரி. வீட்ல நான் இப்படியா பேசினேன்? ரெண்டு வருசமா எவன் சட்டையவோ போட்டுக்கிட்டுத் திரியிறேன். அன்னைக்கு வார்டுல எப்படி அழுதா, சந்தோசத்துல. இவகிட்டப் போயி இது வேணாம்னு எப்படிச் சொல்..."

சோலைராஜா வில்லையைப் பிய்த்து எறிந்தான். கழுத்துத் தோல் சிவந்துவிட்டது. அவன் உதடுகள் ஒட்டியிருந்தன. கடைசி வரைக்கும் அவை அசையவேயில்லை என்பதைப் பாண்டீஸ்வரி தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

அவன் சொன்னது உண்மை. பழைய வீடியோக்களில் இருந்ததெல்லாம் மைதானத்துக் குரல். வீட்டில் அவன் பேசிய குரல் வேறு. கொஞ்சம் கரகரப்பாக, வாக்கியத்தின் கடைசி வார்த்தையைப் பாதியில் விட்டுவிடுகிற சோம்பேறிக் குரல். ஒரு மனிதன் தண்ணீர் கேட்பதை யார் பதிவு செய்து வைக்கிறார்கள்?

அவனுக்குச் சொல்ல அவளிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லாமல், ஏற்கெனவே கழுவிய டம்ளர்களை மறுபடி கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது சோலைராஜா செல்போனில் தட்டச்சு செய்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். 'இனி உன் மிஷின் முன்னால உக்கார மாட்டேன். பட்டையும் வேணாம். இன்னைக்கு இது உளறுச்சு, நாளைக்கு அது உளறும்.' பட்டையை எடுத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தான். அதன்பின் அவன் எதுவும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. கபடிக்காரர்கள் போன் செய்தபோது எடுக்கவும் இல்லை. கையைக் காட்டிச் சாப்பாடு கேட்டான். தலையை ஆட்டிப் போதும் என்றான். ஊரையே வாயால் கட்டிப்போட்டவன் வீட்டுக்குள் ஊமையாக நடமாடினான்.

அந்த வரியை அவள் திறந்து பார்த்தாள். மூச்சு உண்டு.

பேசப் போகிற மனிதன் முதலில் மூச்சை இழுக்கிறான். குரல்வளை போன பின்னும் அந்தப் பழக்கம் போவதில்லை. சொல்லாமல் அடக்கிக்கொள்கிறவன் மூச்சை இழுப்பதில்லை. ஆனால் தொண்டைத் தசை அந்த வார்த்தைக்கும் லேசாகத் துடித்துவிட்டுத்தான் ஓயும். பட்டையின் மூச்சுக் கம்பி இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது. அந்த இடத்தில் அவள் ஒரு பொய்யை நட்டுவைத்தாள். அடக்கிய வார்த்தையெல்லாம் அதன் வழியாக வெளியே வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், அவளுக்கும் சபலம் இருந்தது. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டால், கட்டிய கணவன் மனதில் என்ன இருக்கிறது என்று ஆயுசுக்கும் சந்தேகப்பட வேண்டாம். எத்தனை பெண்களுக்குக் கிடைக்கிற பாக்கியம் இது! அரை நாள் அந்த நினைப்போடு திரிந்தாள். பிறகு டிவிக்குப் பக்கத்தில் கிடந்த பட்டையைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினாள்.

அங்கே நெல்சன் அவளுக்கு முன்னாலேயே விஷயத்தைத் தெரிந்துவைத்திருந்தார். வெள்ளோட்டக்காரர்களிடமிருந்து புகார்கள் வந்திருந்தன. திண்டுக்கல்லில் ஒரு கணக்கு டீச்சர், ஆன்லைன் வகுப்பில் ஒரு பையனைப் பார்த்து "நீ தேற மாட்ட" என்று சொல்லிவிட்டாராம். அவன் அதற்குப் பிறகு வகுப்புக்கே வரவில்லை. டீச்சர் வில்லையைத் திருப்பி அனுப்பிவிட்டார். விருதுநகரிலிருந்து ஒரு மகன் மட்டும் வேறு மாதிரி சொல்லியிருந்தான்: தயவுசெய்து இதைச் சரிசெய்துவிடாதீர்கள், எங்கள் அப்பாவுக்கு என்மேல் பாசம் உண்டு என்பதே இப்போதுதான் தெரிகிறது.

"பாத்தீங்களா?" என்றார் நெல்சன். "இது பக் இல்ல பாண்டீஸ்வரி. இதுதான் ப்ராடக்ட். சென்னையிலேருந்து ஒரு பார்ட்டி வந்து பேசிட்டுப் போயிருக்காங்க. ஹெட்செட் பண்றவங்க. ஆபீஸ்ல எல்லாரும் ஹெட்செட் மாட்டிக்கிட்டுத்தானே உக்காந்திருக்காங்க? கழுத்துப் பக்கம் ஒரு வில்லை சேத்தாப் போதும். தொண்டை நல்லா இருக்கிறவனுக்கும் இது வேலை செய்யும். இன்டர்வியூ, விசாரணை, எங்க வேணாலும் போகும். பட்டையா இருந்தவரைக்கும் நோயாளிக்கு மட்டும்தான். டெஸ்க்டாப்புக்கு வந்ததும் ஊருக்கே ஆச்சு. எல்லாம் உங்க கைங்கரியம்."

"சார், அது நான் போட்ட டம்மி."

"நல்ல டம்மி."

"நெனைக்கிறதெல்லாம் உண்மைன்னு யாரு சார் சொன்னது? அந்த டீச்சர் பையனப் பாத்து ஒரு நிமிசம் அலுத்துப்போயி 'தேற மாட்ட'ன்னு நெனச்சிருப்பாங்க. அடுத்த நிமிசம் 'வா, இன்னொரு தடவ போட்டுக் காட்டுறேன்'னு சொல்ல வந்திருப்பாங்க. அவங்க சொல்ல வந்தது ரெண்டாவது. நாம மொதல்ல வந்தத எடுத்து வெளிய வீசிட்டோம்."

"விருதுநகர்க்காரன் என்ன சொல்றான் பாருங்க."

"அவங்கப்பா என்ன சொல்றாருன்னு கேட்டீங்களா?"

நெல்சன் பேச்சை மாற்றினார். "வெள்ளிக்கிழமை டெமோ. பில்ட் ரெடி பண்ணுங்க."

"பில்ட் வராது சார். வந்ததுமே ஒரு விதி சேத்துட்டேன். சோதனைக்கு எவ்வளவு டம்மி வேணாலும் இருக்கலாம். வெளிய போற பில்ட்ல மூச்சுக்கு டம்மி இருந்தா நின்னுரும். டெஸ்க்டாப்பும் வராது, பட்டையும் வராது."

"பட்டை ஏன் வராது?"

"ஒரே மாவு சார். நீங்கதான் கேட்டீங்க."

அவர் முகம் கறுத்தது. "அந்த விதிய எடுக்க வேற ஆள் இல்லையா எங்கிட்ட?"

"இருக்காங்க. ஆனா 'மூச்சு இல்லாம இது பேசாது'ன்னு ஆஸ்பத்திரி டாக்டர்கிட்டச் சொல்லித்தான் பட்டைக்கு அனுமதி வாங்கினோம். அந்த மாவுலயே கை வச்சா மறுபடி அவர்கிட்டத்தான் போயி நிக்கணும். என்னத்துக்குன்னு கேப்பாரு. சொல்லுவீங்களா?"

நெல்சன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார், உட்கார்ந்தார். "நாம பண்ணலைன்னா இன்னொருத்தன் பண்ணுவான் பாண்டீஸ்வரி. ஒரு வரிதானே இது."

அது அவளுக்கும் தெரியும். கைப்பையிலிருந்து வீட்டு வில்லையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "பழைய பில்ட் இந்தக் கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்கு சார். இத ஒட்டிக்கிட்டுப் பேசுங்க. டெமோ நல்லா வரும்னு எனக்கும் ஒரு நம்பிக்கை வரட்டும்."

நெல்சன் வில்லையைப் பார்த்தார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே உட்கார்ந்திருந்த தன் ஆட்களைப் பார்த்தார். அவருடைய கை தானாக மேலே போய், சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டது.

அரை மணி நேரம் கழித்து, வில்லையோடு மூச்சுக் கம்பியும் சேர்த்துத் தயாரிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். சென்னைப் பார்ட்டி என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. அவர்கள் வேறு எங்காவது போவார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் அவள் கால் ஆடியது. அன்றோடு அது நிற்கப் போவதுமில்லை.

புது வில்லை வந்த அன்று வெயில் தாழும் முன்பே வீட்டுக்குப் போனாள். சோலைராஜா கட்டிலில் உட்கார்ந்து, சத்தத்தை அணைத்துவிட்டு டிவியில் கபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கணினியைப் போட்டாள். வில்லையைத் தன் கழுத்திலேயே ஒட்டிக்கொண்டாள். மூச்சுக் கம்பியை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டாள். கம்பியின் முனையில் ஒரு குட்டி விளக்கு வைத்திருந்தார்கள். பேசுவதற்காக மூச்சை இழுத்தால் அது பச்சையாக எரியும்.

உதடு அசையாமல் கொஞ்ச நேரம் அவனை முறைத்துக்கொண்டு நின்றாள். விளக்கு எரியவில்லை. ஸ்பீக்கரில் சத்தமில்லை. வில்லையைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

"இப்ப மனசுக்குள்ள உங்களக் கண்டபடி வஞ்சேன் மாமா. உங்க அக்காவையும் சேத்து. ஏதாச்சும் வந்துச்சா?"

அவன் முகத்தில் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு எட்டிப் பார்த்தது. கட்டிலிலிருந்து இறங்கி வந்தான். வில்லையை வாங்கித் தன் கழுத்தில் ஒட்டிக்கொண்டான். கம்பியை, துளைக்குப் பக்கத்தில், அவனே செருகினான். வேண்டுமென்றே எதையோ நினைத்துப் பார்த்தான் போலிருக்கிறது. ஸ்பீக்கரைச் சந்தேகமாக ஓரக்கண்ணால் பார்த்தான். அது வாயை மூடிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை சோதித்தான். அவன் தோள்கள் இறங்கின.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது. அவன் நன்றாக மூச்சை இழுத்து, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"அன்னைக்கு வந்தத மனசுல வச்சுக்காத பாண்டி. ஏதோ கிறுக்குத்தனமா நெனச்சது. குரல் நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கு."

ஒலிபெருக்கி கட்டிய மைதானம்போல அந்தப் பொய் அறையெங்கும் நிறைந்தது. பொய்தான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இனி எப்போதும் தெரியப் போவதுமில்லை. மனதில் இருப்பதை மறைக்கும் அந்த உரிமையைத்தானே கம்பெனியோடு சண்டை போட்டு அவனுக்கு மீட்டுக் கொண்டுவந்தாள். அவன் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டு, காபி போடப் போயிருக்கலாம். அடுப்படி வாசல் வரைக்கும் போகவும் செய்தாள்.

அங்கேயே நின்றாள். அவளுக்குக் குரல்வளை இருந்தது. தடுக்க எந்தக் கம்பியும் இல்லை. ஆனாலும் அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"எனக்குப் பிடிக்கல மாமா."

அவன் திரும்பினான்.

"அன்னைக்கு வார்டுல நான் சந்தோசத்துல அழுகல. பாண்டின்னு கூப்பிட்டீங்க, மைக்குல கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. எம் புருசன் என்னய அப்படிக் கூப்பிட்டதே இல்ல. உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு நெனச்சுத்தான் சொல்லாம இருந்தேன்."

விளக்கு பச்சையாக எரிந்தது. அவன் வாய் திறந்திருந்தது. விளக்கு அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்து மறுபடி எரிந்தது. அவன் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா அழுகிறானா என்று கணினிக்குப் புரியவில்லை. அது அவன் பேசுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. பாண்டீஸ்வரிக்குப் புரிந்தது. அவள் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.